காற்றாலை கிரிட்டில் நிற்காமல் விழுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஆடிக் காற்றில் மெஷின் ஒரு மணி நேரம் நின்றால் அந்த யூனிட் திரும்ப வராது. அதனால்தான் திரையில் சிவப்பு விழுந்ததும் கை ரீசெட்டுக்குப் போகிறது. கொஞ்சம் பொறுங்கள். பல கன்ட்ரோலர்களில் அடுத்த ஃபால்ட் வந்ததும் முந்தைய அதிவேகப் பதிவு (மில்லி விநாடி அளவில் எடுத்தது) அழிந்துவிடும். மூன்று தடவை ரீசெட் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் காரணம் தேடினால் யூகம் மட்டுமே மிஞ்சும்.

சென்னையில் உட்கார்ந்து கயத்தாறு, ஆரல்வாய்மொழி, உடுமலைப்பேட்டை மெஷின்களைத் திரையில் கவனிக்கும் பொறியாளருக்கும், அங்கே டவர் அடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கும் டெக்னீஷியனுக்கும் சேர்த்து எழுதியது இது. கிரிட் (மின் கட்டமைப்பு) ஆடும்போது பிடித்து நிற்கும் திறன் ஜெனரேட்டருக்கு ஜெனரேட்டர் மாறும். ஒரே அறிகுறிக்கு நான்கு வகை மெஷினில் நான்கு காரணம் இருக்கும்.

ரீசெட்டுக்கு முன் எடுக்க வேண்டியவை

ஃபால்ட் பட்டியலில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் விளைவுதான், காரணம் அல்ல. "கிரிட் டிராப்", "ஓவர்ஸ்பீடு", "பிட்ச் பேட்டரி" மூன்றும் ஒரே விநாடியில் வந்து நிற்கும். எது 40 மில்லி விநாடி முந்தி வந்தது என்று பாருங்கள். டிப் (மின்னழுத்தம் சட்டென இறங்குவது) வருவதற்கு ஒரு விநாடி முன்பிருந்து ஐந்து விநாடி பின்புவரை மூன்று ஃபேஸ் மின்னழுத்தம், மூன்று ஃபேஸ் கரண்ட், ஜெனரேட்டர் வேகம், பிட்ச் கோணம் (இறக்கை திரும்பியிருக்கும் கோணம்) ஆகியவற்றைச் சேமியுங்கள். கன்வர்ட்டர் (மின்சாரத்தை டி.சி.யாக்கித் திரும்ப ஏ.சி.யாக்கும் மின்னணுப் பெட்டி) உள்ள மெஷினில் அதன் நடுவிலுள்ள டி.சி. லிங்க் மின்னழுத்தமும், இல்லாததில் எத்தனை கெபாசிட்டர் படிகள் உள்ளே இருந்தன என்பதும் வேண்டும். 10 நிமிடச் சராசரி இந்த வேலைக்கு உதவாது.

அடுத்து, தனியாக விழுந்ததா, கூட்டமாக விழுந்ததா? ஒரு மெஷின் மட்டும் என்றால் அந்த மெஷினிலும் அதன் டிரான்ஸ்ஃபார்மர் யார்டிலும் தேடுங்கள். ஃபீடர் முழுக்க விழுந்தால் 33 கே.வி. லைன். துணைமின் நிலையத்தின் எல்லா ஃபீடரும் விழுந்தால் 110 கே.வி. பஸ் அல்லது அதற்கு மேலே. தூரத்தில் உள்ள தளங்களிலும் அதே நொடியில் மின்னழுத்தம் இறங்கியிருந்தால் 230 அல்லது 400 கே.வி.யில் ஏதோ நடந்திருக்கிறது, ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு டவர் ஏற வேண்டியதில்லை. தளத்தில் நிற்பவருக்குப் பக்கத்து மாவட்டம் தெரியாது. பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னை அறைக்குத் தெரியும். ஆனால் எல்லாத் தளத்துக் கடிகாரமும் ஜி.பி.எஸ். நேரத்தில் இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரத்தை வைத்து எந்த நிகழ்வையும் ஒப்பிட முடியாது.

பிறகு வகை. கன்ட்ரோல் பேனலில் சாஃப்ட் ஸ்டார்ட்டரும் கெபாசிட்டர் வரிசையும் இருந்து, ஸ்லிப் ரிங் இல்லையென்றால் அது பெரும்பாலும் ஸ்குவிரல் கேஜ் இன்டக்‌ஷன் ஜெனரேட்டர். முப்பந்தல் பக்கம் இன்றும் ஓடும் 225, 250, 500 கிலோவாட் மெஷின்களில் பெரும்பகுதி இதுதான். இங்கே இதை முதல் வகை என்போம். ரோட்டரில் மாறும் ரெசிஸ்டர் வைத்து 10 சதவீதம்வரை ஸ்லிப் (கிரிட்டுக்கு இணையான வேகத்திலிருந்து ரோட்டர் விலகும் அளவு) ஏற விடுவது இரண்டாம் வகை. அதிலும் சில மாடல்களில் ரெசிஸ்டர் ரோட்டரோடு சேர்ந்தே சுற்றும், ஸ்லிப் ரிங் இருக்காது, எனவே நேம்பிளேட்டைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஸ்டேட்டர் நேராகக் கிரிட்டிலும், ரோட்டர் மூன்று ஃபேஸ் கார்பன் பிரஷ் வழியாக ஒரு சிறிய கன்வர்ட்டரிலும் இருந்தால் மூன்றாம் வகை, அதாவது டி.எஃப்.ஐ.ஜி. இதன் கன்வர்ட்டர் மொத்தத் திறனில் 30 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். முழுத் திறனும் கன்வர்ட்டர் வழியாகவே வெளியேறினால் நான்காம் வகை.

அறிகுறி: டிப் முடிந்து மின்னழுத்தம் திரும்பியும் மெஷின் ஓவர்ஸ்பீடில் விழுகிறது

முதல் வகையின் ஆதாரப் பலவீனம் இது. இன்டக்‌ஷன் ஜெனரேட்டரின் டார்க் (சுழற்றும் விசை) மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உச்ச டார்க், மதிப்பிட்ட டார்க்கைவிட 2.2 மடங்கு உள்ள மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் 70 சதவீதமானால் அந்த உச்சம் 1.08 மடங்குக்குச் சுருங்கிவிடும். 67 சதவீதத்துக்குக் கீழே போனால் முழுக் காற்றின் தள்ளலைப் பிடித்து நிறுத்த ஜெனரேட்டரிடம் பலம் இல்லை, வேகம் ஏறத் தொடங்கும்.

எவ்வளவு வேகமாக? சுழல்நிறை மாறிலி (சுழலும் பாகங்களில் தேங்கிய ஆற்றல் முழுத் திறனில் எத்தனை விநாடிக்குப் போதும் என்பது) 4 விநாடி என்று வைத்தால், முழு லோடில் மின்னழுத்தம் அடியோடு போகும்போது விநாடிக்கு 12.5 சதவீதம் ஏறும். 1515 ஆர்.பி.எம்.மில் ஓடிய மெஷின் 160 மில்லி விநாடியில் 1545-க்கும், 300 மில்லி விநாடியில் 1571-க்கும், பேக்கப் ரிலே எடுக்கும் வரை 500 மில்லி விநாடி காத்திருந்தால் 1609-க்கும் போய்விடும். 1545 என்றால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். 1609 என்றால் ஸ்லிப் 7 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, டார்க் வளைவின் உச்சியைக் கடந்து மறுபக்கச் சரிவில் நிற்கிறது. மின்னழுத்தம் திரும்பினாலும் டார்க் திரும்பாது. போதாக்குறைக்கு அந்த ஸ்லிப்பில் மெஷின் ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல் காந்தப்புலத்துக்குப் போகும் பங்கை) வாரி இழுக்கும். அந்த இழுப்பே ஃபீடர் மின்னழுத்தத்தை எழ விடாமல் அமுக்கும். தப்பித்திருக்க வேண்டிய பக்கத்து மெஷின்களும் இதனால் விழும்.

பதிவில் இதை அடையாளம் காண்பது எளிது. லைனில் விழுந்த ஃபால்ட் (ஷார்ட்) நீங்கிய பிறகும் மின்னழுத்தம் 75 முதல் 85 சதவீதத்திலேயே தங்கி, ரியாக்டிவ் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு ஓடி, வேகம் ஏறிக்கொண்டே இருந்தால் இதுதான். மின்னழுத்தம் உடனே 95-க்குத் திரும்பியும் வேகம் ஏறினால் ஸ்திரத்தன்மையின் மேல் பழி போடாதீர்கள். சாஃப்ட் ஸ்டார்ட்டரைத் தாண்டி மெஷினை நேராகக் கிரிட்டோடு சேர்க்கும் பைபாஸ் கான்டாக்டர் டிப்பிலேயே கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

தீர்வில் முதல் இடம் ஃபால்ட்டை விரைவாக வெட்டுவதற்கு. ஃபீடர் ரிலேயின் செட்டிங்கையும் பிரேக்கர் திறக்கும் நேரத்தையும் துணைமின் நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் ஒருங்கிணைப்புக்காகக் கூட்டிக்கொண்டே போன தாமதம் அரை விநாடியில் வந்து நிற்கும். அடுத்தது கெபாசிட்டர், அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம். மூன்றாவது, துணைமின் நிலையத்தில் ஸ்டாட்காம், அதாவது ரியாக்டிவ் பவரை உடனுக்குடன் கொடுக்கும் மின்னணுச் சாதனம். மெஷினுக்கு மெஷின் எதையாவது மாட்டுவதைவிட இது பயன் தரும். பிட்ச் உள்ள மெஷினில் டிப் தெரிந்ததும் இறக்கையைத் திருப்பும் லாஜிக்கைச் சேர்க்கலாம். இறக்கை திரும்பாத ஸ்டால் மெஷினில் அந்த வழி இல்லை. ஃபீடர் திரும்பி வந்ததும் முப்பது மெஷினையும் ஒரே மூச்சில் இணைக்காமல் ஐந்தைந்தாக, ஒரு நிமிட இடைவெளியில் விடுங்கள்.

அறிகுறி: ரியாக்டிவ் மீட்டர் ஏறுகிறது, ஃபீடர் மின்னழுத்தம் முன்பைவிடக் குறைவாக நிற்கிறது

தமிழ்நாட்டில் காற்றாலை இழுக்கும் ரியாக்டிவ் யூனிட்டுக்குக் கட்டணம் உண்டு, ஏற்றுமதியில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அது இரட்டிப்பாகும். பில்லைப் பார்த்துத்தான் பலர் கெபாசிட்டர் அறையைத் திறக்கிறார்கள். ஆனால் அதே செத்த கெபாசிட்டர்தான் மேலே சொன்ன ஓவர்ஸ்பீடுக்கும் பாதை போடுகிறது.

500 கிலோவாட் மெஷின் 0.88 பவர் ஃபேக்டரில் ஓடினால் 270 கே.வி.ஏ.ஆர். இழுக்கும். எத்தனை படி உயிரோடு இருக்கிறது என்று டாங் டெஸ்டரால் (கிளாம்ப் மீட்டரால்) பாருங்கள். 440 வோல்ட், 25 கே.வி.ஏ.ஆர். யூனிட் ஒன்று 440 வோல்ட்டில் ஃபேஸுக்கு 32.8 ஆம்பியர் எடுக்கும், 415-இல் 30.9, 400-இல் 29.8. மூன்று ஃபேஸிலும் இதற்கு 10 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால் யூனிட் தேய்ந்துவிட்டது. ஒரு ஃபேஸில் மட்டும் குறைவென்றால் ஃபியூஸ், கான்டாக்டர் முனை, லக் என்ற வரிசையில் தேடுங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால் மகிழ வேண்டாம், ஹார்மானிக் ஓடுகிறது என்று பொருள். உடனே ஹார்மானிக் அளவெடுங்கள், இல்லாவிட்டால் வீங்கி வெடிக்கும். அறையில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டுகிறதா, எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். கெபாசிட்டர் சாவதற்கு வெப்பமே முதல் காரணம்.

கையை வைக்கும் முன் மெயினை நிறுத்தி, ஐந்து நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்து ஃபேஸுக்கு ஃபேஸ் பூஜ்யம் பாருங்கள். டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் ஐந்து நிமிடமும் போதாது.

அறிகுறி: கிரிட் போன கணத்தில் மின்னழுத்தம் எகிறி, எம்.ஓ.வி. (மின்னழுத்த எகிறலை உறிஞ்சும் பாகம்), கன்ட்ரோல் கார்டு எரிகின்றன

துணைமின் நிலையத்தில் ஃபீடர் திறந்துவிட்டது. இங்கே மெஷினும் கெபாசிட்டரும் இன்னும் சேர்ந்தே இருக்கின்றன. கிரிட் இல்லாமலேயே கெபாசிட்டர் கொடுக்கும் காந்தக் கரண்ட்டில் ஜெனரேட்டர் தானாக மின்னழுத்தம் உண்டாக்கும், வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். இதுதான் செல்ஃப் எக்சைட்டேஷன். பதிவில் ஃப்ரீக்வென்சி 50-இலிருந்து 53, 55 என்று ஓடி, மின்னழுத்தமும் கூடவே ஏறினால் சந்தேகம் வேண்டாம்.

சோதிக்க வேண்டியவை இரண்டு. கெபாசிட்டர் கான்டாக்டரின் உதவி முனையும் மெயின் பிரேக்கரின் உதவி முனையும் ஒன்றுக்கொன்று எத்தனை மில்லி விநாடி வித்தியாசத்தில் மாறின என்று பாருங்கள். கெபாசிட்டர் பிந்தினால் காயில், இன்டர்லாக், உருகி ஒட்டிய முனை ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். அடுத்து மொத்தக் கெபாசிட்டர் அளவு. பில்லைக் குறைக்கும் ஆசையில் கூடுதலாகச் சேர்த்து, மெஷினின் லோடு இல்லாக் காந்தத் தேவையைத் தாண்டி நிலையாக இணைத்திருந்தால் இந்தக் கோளாறை விலை கொடுத்து வாங்கியதாகும். நீளமான 33 கே.வி. கேபிள் இருந்தால் அதன் கெபாசிட்டன்ஸையும் கணக்கில் சேருங்கள்.

ஃபீடரில் ஆட்டோ ரீக்ளோஸ் இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. செத்துவிட்டது என்று நினைத்து ஈ.பி. லைனைத் திரும்பக் கொடுக்கும் கணத்தில் மெஷின் வேறு ஃபேஸ் கோணத்தில் உயிரோடு இருந்தால், அடி நேராக கியர்பாக்ஸ் பல்லில் விழும். ரீக்ளோஸ் இடைவெளியைவிட மெஷின் பிரியும் நேரம் கட்டாயம் குறைவாக இருக்க வேண்டும்.

அறிகுறி: டிப் தாங்கும் மெஷின் 20, 40 மில்லி விநாடியிலேயே விழுகிறது

மத்திய மின்சார ஆணையத்தின் கிரிட் இணைப்பு விதிகளின்படி, மின்னழுத்தம் 15 சதவீதத்துக்கு இறங்கினாலும் காற்றாலை 0.3 விநாடி இணைந்தே நிற்க வேண்டும். அங்கிருந்து ஏறி, டிப் தொடங்கிய 3-ஆவது விநாடியில் 85 சதவீதத்தைத் தொடும் கோட்டுக்கு மேலே மின்னழுத்தம் இருக்கும்வரை பிரியக் கூடாது. திரும்பி வந்த ஒரு விநாடிக்குள் பழைய திறனில் 90 சதவீதத்தையாவது கொடுக்க வேண்டும். மூன்றாம், நான்காம் வகை மெஷின்கள் இதற்காகவே கட்டப்பட்டவை. அவை கண் இமைக்கும் நேரத்தில் விழுந்தால் கன்வர்ட்டரைக் குறை சொல்லும் முன் யூ.பி.எஸ்.ஸைப் பாருங்கள்.

மெஷினை நிறுத்திவிட்டு யூ.பி.எஸ். உள்வரும் எம்.சி.பி.யை இறக்குங்கள். கன்ட்ரோலர், கன்வர்ட்டர் கார்டு, பிட்ச் தொடர்பு எல்லாம் உயிரோடு நிற்கின்றனவா? 12 வோல்ட் பேட்டரி லோடில் 10.5-க்குக் கீழே இறங்கினால் அது போய்விட்டது. பேட்டரி நன்றாக இருந்தும் விழுந்தால், மெயின் கான்டாக்டரின் ஏ.சி. காயில் யூ.பி.எஸ்.ஸிலிருந்து வராமல் நேராக 690 வோல்ட் பக்கத்துச் சிறு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறதா என்று வயரைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பாதி மின்னழுத்தத்தில் அந்தக் காயில் கையை விட்டுவிடும். காற்றுக்காலத்துக்கு முன் ஏப்ரலில் செய்யும் பேட்டரிச் சோதனைக்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

யூ.பி.எஸ். சரி என்றால் செட்டிங். கன்வர்ட்டரில் எல்.வி.ஆர்.டி. (டிப்பைத் தாங்கி நிற்கும் வசதி) திறந்திருக்கும், ஆனால் யார்டில் உள்ள தனி அண்டர்வோல்டேஜ் ரிலே, கமிஷனிங் நாளில் வைத்த 80 சதவீதம், 0.1 விநாடியிலேயே நிற்கும். மெஷின் தாங்கத் தயாராக இருக்க, ரிலே தட்டிவிடுகிறது. விதியின் கோட்டையும், இடையிலுள்ள ஒவ்வொரு ரிலேயின் செட்டிங்கையும் ஒரே கிராஃப் தாளில் வரைந்து பாருங்கள். எந்த ரிலேயும் கோட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கக் கூடாது.

டிப்பின் வடிவத்தையும் கவனியுங்கள். 110 கே.வி.யில் ஒரு ஃபேஸ் எர்த் ஆனால், நடுவில் ஒரு டெல்டா–ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி வரும்போது 690 பக்கம் இரண்டு ஃபேஸ் சுமார் 58 சதவீதத்துக்கு இறங்கியதாகத் தெரியும், மூன்றாவது அப்படியே நிற்கும். "இங்கே இரண்டு ஃபேஸ் போனது, அங்கே ஒரு ஃபேஸ்தான் என்கிறார்கள்" என்று துணைமின் நிலையத்தோடு சண்டை போட வேண்டாம், இரு தரப்பும் சொல்வது சரி.

அறிகுறி: டி.எஃப்.ஐ.ஜி.யில் கிரோபார் அடிக்கடி இயங்குகிறது, "ரோட்டர் ஓவர்கரண்ட்" வருகிறது

கிரிட்டில் டிப் இருந்ததா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கிரோபார் தன் வேலையைச் செய்திருக்கிறது. டிப் விழுந்ததும் ஸ்டேட்டரின் காந்தப்பாயம் ஒரே இடத்தில் உறைந்து நிற்கும், ரோட்டர் அதை முழு வேகத்தில் வெட்டும். வழக்கமாக ஸ்லிப் அளவுக்கே, அதாவது 30 சதவீதத்துக்குள் இருக்கும் ரோட்டர் மின்னழுத்தம் பல மடங்காகும், கரண்ட் கன்வர்ட்டருக்குள் பாயும், டி.சி. லிங்க் ஏறும். கிரோபார் ரோட்டரை ரெசிஸ்டரில் மூடி கன்வர்ட்டரைக் காப்பாற்றுகிறது. அந்த நேரத்தில் மெஷின் முதல் வகை போலவே ரியாக்டிவ் இழுக்கும். எனவே கிரோபார் 100 மில்லி விநாடிக்கு மேல் உள்ளே நின்றால் சந்தேகப்படுங்கள். ரெசிஸ்டரைக் குளிர்ந்த நிலையில் அளந்து நேம்பிளேட்டோடு ஒப்பிடுங்கள். மதிப்பு ஏறியிருந்தால் மின்னழுத்தம் எகிறி டி.சி. லிங்க்கை ஊதும், இறங்கியிருந்தால் கரண்ட்டும் டார்க் அதிர்ச்சியும் கூடும்.

டிப் இல்லாமலே ஓவர்கரண்ட் வந்தால் ஸ்லிப் ரிங் அறையைத் திறங்கள். திறக்கும் முன் ரோட்டர் லாக் போடுங்கள், பிரேக்கரைப் பூட்டுங்கள், டி.சி. லிங்க் இறங்கியதை மீட்டரில் பாருங்கள். ஓடும்போது அங்கே சுமார் 1100 வோல்ட்வரை இருக்கும்.

ஒவ்வொரு பிரஷும் ஹோல்டரில் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா? ஒன்று சிக்கினால் அதன் பங்குக் கரண்ட்டைப் பக்கத்து பிரஷ் சுமக்கும், பின்னல் வயர் நீலம் பாய்ந்திருப்பதே சாட்சி. தேய்ந்த பிரஷை மட்டும் மாற்றினாலும் கிரேடு ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டு கிரேடு கலந்தால் கரண்ட் சமமாகப் பிரியாது. புது பிரஷை வளையத்தின் வளைவுக்குப் படிய வைக்க மணல்தாள் போதும். எமரி தாள் கூடாது, அதன் துகள் பதிந்து வளையத்தை அறுக்கும். கார்பன் தூளை வாக்குவம் வைத்து இழுத்தெடுங்கள். காற்றடித்தால் தூள் ஜெனரேட்டருக்குள்ளேயே போய் உட்காரும். கடலோர ஈரத்தில் அது உப்போடு சேர்ந்து கசிவுப் பாதையாகும்.

பிறகு மெக்கர், அதாவது இன்சுலேஷன் சோதனை. ரோட்டர் கேபிளைக் கன்வர்ட்டரிலிருந்து கழற்றாமல் மெக்கர் அடித்தால் அதிலுள்ள ஐ.ஜி.பி.டி. ஸ்விட்சுகள் போய்விடும், இதில் அவசரம் வேண்டவே வேண்டாம். கழற்றி, 500 வோல்ட்டில் ஒரு நிமிடம். 40 டிகிரிக்குத் திருத்திய மதிப்பு 5 மெகாஓம்முக்குக் குறைந்தால் நிறுத்துங்கள். பின் பிரஷைத் தூக்கிவிட்டு இன்னொரு முறை அளவெடுங்கள். மதிப்பு ஏறினால் கோளாறு பிரஷ் கியரிலும் கேபிளிலும் இருக்கிறது, சுத்தம் செய்தால் தீரும். ஏறாவிட்டால் வளையமோ ரோட்டர் வைண்டிங்கோதான். வளையங்களைத் துடைத்து இன்னொரு முறை அளந்த பிறகே வைண்டிங்குக்குத் தீர்ப்பு எழுதுங்கள்.

இரண்டும் நன்றாக இருந்து, குறிப்பிட்ட வேகத்திலோ அதிர்விலோ மட்டும் ட்ரிப் வந்தால் என்கோடர். அது சொல்லும் வேகத்தை, மெயின் ஷாஃப்ட் சென்சாரைக் கியர் விகிதத்தால் பெருக்கியதோடு ஒப்பிடுங்கள். விகிதம் 95, ரோட்டர் 16 ஆர்.பி.எம். என்றால் 1520 வர வேண்டும். நிலையான காற்றில் 1 சதவீதத்துக்கு மேல் ஆடினால் கப்ளிங் ஸ்க்ரூ, கேபிள் ஷீல்டின் எர்த், கனெக்டர் என்று போங்கள்.

அறிகுறி: குறை மின்னழுத்தத்தைத் தாண்டிவிட்டு, உடனே மிகை மின்னழுத்தத்தில் விழுகிறது

டிப்பின்போது கன்வர்ட்டர் ரியாக்டிவ் கரண்ட்டை உள்ளே தள்ளி மின்னழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. பெருக்கம் (டிப்பின் அளவைப் போல எத்தனை மடங்கு கரண்ட் தள்ளுவது என்பது) 2 என்று வைத்தால் 50 சதவீத டிப்புக்கு முழுக் கரண்ட்டும் ரியாக்டிவ் ஆகும். ஃபால்ட் நீங்கிய கணத்தில் இதை விலக்கத் தாமதித்தால் மின்னழுத்தம் தலைக்கு மேலே போகும். விதியோ 1.1 மடங்குவரை தொடர்ந்தும், 1.2 வரை 2 விநாடியும், 1.3 வரை 0.2 விநாடியும் மட்டுமே நிற்கச் சொல்கிறது, அதற்கு மேல் உடனே பிரியலாம்.

கன்வர்ட்டர் மட்டும் காரணம் அல்ல. துணைமின் நிலையக் கெபாசிட்டர் பேங்க் டிப்பிலும் உள்ளேயே இருந்து, காற்றாலைகள் பாதி விழுந்த பிறகும் கழலாமல் இருப்பது இன்னும் மோசம். சீனாவின் கான்சு மாகாணம் ஜியூசுவானில் 2011 பிப்ரவரியில் ஒரு கேபிள் முனைப் பழுதில் தொடங்கி 598 டர்பைன்கள் பிரிந்தபோது, ஒரு பகுதி டிப்பில் விழுந்தது, அடுத்த பகுதி கழலாத கெபாசிட்டர்கள் ஏற்றிய மிகை மின்னழுத்தத்தில் விழுந்தது. பெருக்கத்தைப் படிப்படியாகக் குறையுங்கள், கெபாசிட்டர் பேங்க்கின் ஓவர்வோல்டேஜ் ரிலே எத்தனை விநாடியில் கழற்றுகிறது என்று பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

டிப் ஏதுமில்லாமல் காற்றற்ற இரவுகளில் மட்டும் மிகை மின்னழுத்தம் வந்தால், லோடு இல்லாத நீண்ட லைனும் கேபிளும்தான் காரணம். எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி) வாங்கி, மெஷின் டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை ஒரு படி, அதாவது 2.5 சதவீதம் மாற்றலாம். மாற்றிய பின் மூன்று ஃபேஸிலும் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் பார்க்காமல் சார்ஜ் செய்யாதீர்கள். கன்வர்ட்டர் உள்ள மெஷினில் நிலையான பவர் ஃபேக்டரை விட்டு மின்னழுத்தக் கட்டுப்பாட்டு முறைக்குப் போவது இதைவிட நல்லது.

அறிகுறி: மின்னழுத்தம் சரி, ஒரு மெஷின் மட்டும் கரண்ட் ஏற்றத்தாழ்வில் உறுமுகிறது

யார்டில் ஹெச்.ஜி. (ஹார்ன் கேப்) ஃபியூஸ் ஒன்று போயிருக்கும், அல்லது லைனைக் கையால் திறக்கும் ஏ.பி. ஸ்விட்சில் ஒரு பிளேடு சரியாக உட்கார்ந்திருக்காது. ஓடும் இன்டக்‌ஷன் மெஷின் இல்லாத ஃபேஸைத் தானே ஓரளவு உருவாக்கிக் காட்டும், வோல்டேஜ் ரிலே ஏமாறும். எனவே கரண்ட்டைப் பாருங்கள். மேலே டெல்டா, கீழே ஸ்டார் என்ற டிரான்ஸ்ஃபார்மரில் மெஷின் பக்கக் கரண்ட் 2:1:1 என்று நின்றால் மேல்பக்கம் ஒரு ஃபேஸ் இல்லை.

முதல் வகையில் இணையும்போது மட்டும் உறுமி, பைபாஸ் விழுந்ததும் சரியானால் சாஃப்ட் ஸ்டார்ட்டரின் தைரிஸ்டர். பிரித்து அளந்தால் ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் இடையே பூஜ்யத்தை ஒட்டிக் காட்டுவது ஷார்ட். கேட்டுக்கும் கேத்தோடுக்கும் சில பத்து ஓம் இருக்க வேண்டும்.

அறிகுறி: முதல் டிப்பைத் தாண்டுகிறது, மூன்றாவதில் விழுகிறது

மழைக்கால மின்னலில், ரீக்ளோஸ் ஆகும் லைனில், டிப்புகள் வரிசையாக வரும். நான்காம் வகையில் ஒவ்வொரு டிப்பிலும் வெளியேற வழியில்லாத ஆற்றலை டி.சி. சாப்பர் ரெசிஸ்டரில் எரிக்கிறது. 2 மெகாவாட் மெஷின், 15 சதவீத மின்னழுத்தம், 0.3 விநாடி என்றால் ஏறத்தாழ 500 கிலோஜூல். குளிரும் முன் அடுத்தது வந்தால் வெப்ப வரம்பு தட்டிவிடும். ஆனால் பல நேரம் வெப்பம் காரணமே அல்ல. "இத்தனை விநாடிக்குள் இத்தனை டிப்" என்று மென்பொருளில் ஒரு எண்ணிக்கை வரம்பு ஒளிந்திருக்கும். 2016 செப்டம்பர் 28-இல் தென் ஆஸ்திரேலியா இருளில் மூழ்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. புயலில் அடுத்தடுத்து வந்த டிப்புகளில் ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் இந்த வரம்பைத் தொட்டு, ஏழு விநாடிக்குள் 456 மெகாவாட் குறைந்தது. அந்த வரம்பு எவ்வளவு என்று உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ரெசிஸ்டர் உண்மையில் தாங்கும் அளவுக்கு ஏற்ப அதை உயர்த்தச் சொல்லுங்கள். நாமாகப் பாராமீட்டரில் கை வைக்கும் இடமல்ல இது.

அறிகுறி: ட்ரிப் இல்லை, ஆனால் பவரும் மின்னழுத்தமும் ஆடிக்கொண்டே இருக்கின்றன

ஆட்டத்தின் ஃப்ரீக்வென்சி எவ்வளவு என்பதே பாதி விடை. மூன்று இறக்கை 20 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் ஒவ்வொரு இறக்கையும் டவரைக் கடக்கும் ஆட்டம் சரியாக 1 ஹெர்ட்ஸ். ஆர்.பி.எம். மாறும்போது இதுவும் மாறினால் அது இயல்பு. 1 முதல் 2.5 ஹெர்ட்ஸில், வேகம் மாறினாலும் மாறாமல் நின்றால் ஷாஃப்ட் முறுக்கம். அதற்கு மேலே, ஒரு மெஷின் அல்ல பண்ணை முழுவதும் சேர்ந்து ஆடினால், கன்வர்ட்டர் கட்டுப்பாடும் பலவீனமான கிரிட்டும் மோதுகின்றன.

கிரிட் எவ்வளவு பலவீனம் என்பதற்கு ஒரு வகுத்தல் போதும். பஸ்ஸின் ஷார்ட் சர்க்யூட் அளவு 600 எம்.வி.ஏ., இணைந்த காற்றாலை 200 மெகாவாட் என்றால் விகிதம் 3, விளிம்பில் நிற்கிறது. ஒரு லைனைப் பராமரிப்புக்கு எடுத்து ஃபால்ட் அளவு 350-க்கு இறங்கினால் 1.75. இங்கே கன்வர்ட்டரின் பி.எல்.எல்., அதாவது கிரிட் அலையைப் பின்தொடரும் கட்டுப்பாடு, கன்வர்ட்டர் தள்ளும் கரண்ட்டாலேயே அசையும் மின்னழுத்தத்தைத் துரத்தத் தொடங்கும். 2019 ஆகஸ்ட் 9-இல் பிரிட்டனில் மின்னல் தாக்கியபோது ஹார்ன்சீ கடல் காற்றாலை 799 மெகாவாட்டிலிருந்து 62-க்கு விழுந்ததன் அடியில் இருந்தது பலவீனமான இணைப்பில் சரியாகத் தணியாத கட்டுப்பாட்டு ஆட்டமே. மென்பொருளைத் திருத்தித்தான் அதைச் சரிசெய்தார்கள். சீரிஸ் கெபாசிட்டர் உள்ள லைனில் டி.எஃப்.ஐ.ஜி. தனித்து மாட்டிக்கொண்டால் 20, 30 ஹெர்ட்ஸில் சில நூறு மில்லி விநாடியிலேயே கரண்ட் பெருகி கிரோபார்களை எரிக்கும். 2009-இல் டெக்சாஸில் அது நடந்தது.

உடனடி நிவாரணம் பவரைக் குறைப்பது. 200-ஐ 140 ஆக்கிப் பாருங்கள். ஆட்டம் அடங்கினால் கண்டறிதல் சரி. பிறகு பண்ணையின் மின்னழுத்தக் கட்டுப்பாட்டுப் பெருக்கத்தைப் பாதியாக்கி, பவரை 10 மெகாவாட் படிகளில் ஏற்றுங்கள். பி.எல்.எல். வேகத்தைத் தொடுவது உற்பத்தியாளரின் வேலை, அதற்கு முன் உங்கள் பஸ்ஸின் குறைந்தபட்ச ஃபால்ட் அளவோடு ஒப்புரு ஓட்டியிருக்க வேண்டும்.

இந்தப் புகாரைச் சென்னை எஸ்.எல்.டி.சி.க்கோ (மாநில மின்சுமை மையம்) உற்பத்தியாளருக்கோ அனுப்பும்போது விநாடிக்கு ஒரு அளவு எடுக்கும் ஸ்கேடா வரைபடத்தை இணைக்காதீர்கள். 7 ஹெர்ட்ஸ் ஆட்டம் அதில் மெல்லிய அலைபோலப் பொய்யாகத் தெரியும். விநாடிக்கு 25 அளவு எடுக்கும் பி.எம்.யூ. (ஃபேஸ் கோணத்தையும் அளக்கும் கருவி) 12 ஹெர்ட்ஸ்வரை காட்டும். அதற்கு மேலே டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டரில் 1 கிலோஹெர்ட்ஸ் அலைவடிவம் வேண்டும். மூன்று ஃபேஸ் மின்னழுத்தம், கரண்ட், ஆட்டம் தொடங்குவதற்கு முன் 10 விநாடி, அப்போது எந்தெந்த லைன் வெளியே இருந்தது, எத்தனை மெஷின் ஓடியது, கெபாசிட்டரும் டேப்பும் எந்த நிலையில் இருந்தன என்பவை அந்த அஞ்சலில் இருக்கட்டும்.